பன்னிரண்டு பற்களையும் பிடுங்கிவிடலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 73 வயது. ஊர் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகி மும்பைக்கு வந்ததிலிருந்து சயான் கோலிவாடாவில் ஒரு சாலில் (ஒண்டுக்குடித்தனக் கட்டடத்தில்) இருந்தவள், அப்பா போனபிறகு செம்பூரில் என்னோடு இருக்கிறாள். சுகர், பிபி இரண்டும் உண்டு. மேலே நாலு பல், கீழே எட்டுப் பல் மிச்சம். பாதி ஆடுகிறது. குழைந்த சோறும் ரசமும்தான் சாப்பாடு. அந்தக் காலத்தில் பக்கத்து வீட்டு மராத்திப் பெண்களிடம் பழகிய மிஸ்ரியை, அதாவது வறுத்த புகையிலைப் பொடியை, இன்னும் விடவில்லை. பிரஷ் வைத்தால் குமட்டுகிறது என்கிறாள். ராத்திரி வாய் உலர்கிறது என்று பனங்கற்கண்டைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டே தூங்குகிறாள். பக்கத்து கிளினிக் டாக்டர், எல்லாவற்றையும் எடுத்துவிட்டு பல்செட் கட்டலாம் என்கிறார். துபாயில் இருக்கும் தம்பி, பணம் அனுப்புகிறேன், இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் திருகி வைக்கும் செயற்கை வேர்) வைத்துவிடு என்கிறான். அம்மாவோ, 'வயசானா பல்லு விழத்தானே செய்யும்? க்ளீன் பண்ணினா இருக்கிறதும் ஆடிப்போகும், பேசாம எடுத்துடு' என்கிறாள். என்ன செய்வது? எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, மருந்துச் சீட்டு இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

எல்லாவற்றையும் எடுக்க வேண்டாம். எடுக்க வேண்டியவற்றையும் இந்த மாதமே எடுக்க வேண்டாம்.

படத்தைப் பார்த்துத் தூரத்திலிருந்து தீர்ப்புச் சொல்லக்கூடாது. வாயைத் திறந்து, ஒவ்வொரு பல்லாக ஆட்டிப் பார்த்து, ஈறுக்குள் அளவுக்கம்பியை விட்டுப் பார்க்கிறவர்தான் கடைசி முடிவைச் சொல்ல வேண்டும். ஆனாலும் நீங்கள் அனுப்பிய ஓபிஜி எக்ஸ்ரேயில் (இரண்டு தாடையையும் முழுசாகக் காட்டும் படத்தில்) ஒன்று தெளிவாகத் தெரிகிறது. கீழ்த்தாடையில் இடமும் வலமுமாக இரண்டு கோரைப்பற்கள் நிற்கின்றன. இரண்டின் வேரும் பாதிக்கு மேல் எலும்புக்குள்தான் இருக்கிறது. அந்த இரண்டு பற்களை நோக்கி யாராவது குறட்டோடு வந்தால், ஏன் என்று கேளுங்கள். திருப்தியான பதில் வரும்வரை அம்மாவை நாற்காலியில் உட்கார விடாதீர்கள்.

நான் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்லக் காரணம் உண்டு. பல்செட் என்று ஒரே வார்த்தையில் சொல்கிறோமே தவிர, மேல் செட்டும் கீழ் செட்டும் வாயில் நடந்துகொள்ளும் விதமே வேறு. மேலே அகலமான அண்ணம் இருக்கிறது. தகடு எச்சில் ஈரத்தில் அதோடு ஒட்டி, இடையில் காற்றுப் புகாமல் கவ்விக்கொள்ளும். கீழே அப்படி ஒட்டிக்கொள்ள இடமே இல்லை. வளைந்த ஒரு மெல்லிய வரம்பு மட்டும்தான். உள்பக்கம் நாக்கு ஓயாமல் அசைகிறது, வெளிப்பக்கம் உதடும் கன்னமும் தள்ளுகின்றன. பேச வாயைத் திறந்தால் எழும்பும், தோசையை ஒரு பக்கம் மென்றால் மறுபக்கம் தூக்கும். பீரோவில் டப்பாவுக்குள் தூங்கும் பல்செட்டுகளில் பெரும்பாலானவை கீழ் செட்டுதான். சாப்பிடும்போது கழற்றி வைத்துவிட்டு, கல்யாண வீட்டுக்குப் போகும்போது மட்டும் மாட்டிக்கொள்கிறவர்களை மாட்டுங்கா, முலுண்ட் பக்கம் எத்தனை வீடுகளில் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

போதாததற்கு எலும்பும் கரைகிறது. பல் இருக்கும்வரைதான் பல்லைத் தாங்கும் எலும்புக்கு வேலை. பல் போனதும் அது தேயத் தொடங்கும். முழு பல்செட் போட்டவர்களை 25 வருடக் கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 1972ல் வெளியானது. மேல்தாடையைப்போல ஏறக்குறைய நாலு மடங்கு எலும்பைக் கீழ்த்தாடை இழக்கிறது என்று அதில் தெரிந்தது. முதல் வருடம் கச்சிதமாக உட்கார்ந்த கீழ் செட், சில வருடங்களில் சோப்புத் தண்ணீரில் வைத்த தட்டுமாதிரி வழுக்குவது இதனால்தான். டாக்டர் அளவு சரியாக எடுக்கவில்லை என்று பழி போட்டுவிட்டு இன்னொரு செட் செய்வோம். அதுவும் வழுக்கும்.

இங்கேதான் அந்த இரண்டு கோரைப்பற்கள் உதவிக்கு வருகின்றன. வாயில் இருக்கும் பற்களிலேயே நீளமான வேர் கோரைப்பல்லுக்குத்தான். அவற்றுக்கு ரூட் கனால் செய்து, ஈறு மட்டத்துக்குச் சற்று மேலே குட்டையாக வெட்டி, குமிழ்போல் மழுக்கி விட்டுவிட்டு, அதன்மேல் உட்காரும்படி கீழ் செட்டைச் செய்யலாம். ஓவர்டென்ச்சர் என்று கேட்டால் எந்தப் பல்செட் நிபுணருக்கும் புரியும். செட்டுக்குப் பிடிமானம் கிடைக்கும், அதைவிட முக்கியமாக எலும்பு நிற்கும். 1978ல் வந்த ஓர் ஆய்வில் ஐந்து வருடத்துக்குப்பின் அளந்து பார்த்தார்கள். கோரைப்பல் வேர்களை விட்டுவைத்தவர்களுக்குக் கீழ்த்தாடையின் முன்பக்க எலும்பு சராசரியாக 0.6 மில்லிமீட்டர் குறைந்திருந்தது. எல்லாவற்றையும் எடுத்தவர்களுக்கு 5.2 மில்லிமீட்டர். கடுகுக்கும் கடலைக்கும் உள்ள வித்தியாசம் என்பது இரண்டு எண்களையும் பார்த்தாலே தெரிகிறது.

பல்லே இல்லாதவர்களுக்கும் கீழே குறைந்தது இரண்டு இம்ப்ளான்ட் வைத்து அதன்மேல் செட் மாட்டுவதே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்று 2002ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் சொன்னார்கள். காசு கொடுத்து வாங்கி வைக்கச் சொல்லும் அந்த இரண்டு தூண்கள் உங்கள் அம்மாவிடம் சொந்தமாகவே இருக்கின்றன. அதையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, பிறகு தம்பியின் பணத்தில் அதே இடத்தில் திருகாணி வைப்பானேன்?

'வயசானா பல்லு விழத்தானே செய்யும்' என்பதற்கும் ஒரு பதில். ஜப்பானில் 1989ல் ஒரு இயக்கம் தொடங்கினார்கள்: 80 வயதிலும் 20 பல். அதன் பெயரே 8020. அப்போது அது நடக்கிற காரியமாகத் தெரியவில்லை. 2016 கணக்கெடுப்பில் 80 வயதுக்காரர்களில் பாதிப்பேருக்கு மேல் அந்த இலக்கை எட்டியிருந்தார்கள். அம்மாவிடம் இதைச் சொன்னால் 'அவங்க மீன் தின்னுறவங்க' என்று ஏதாவது சொல்வார். பரவாயில்லை.

இனி மருந்துச் சீட்டு. உங்கள் கடிதத்தில் என்னை அதிக நேரம் பிடித்துவைத்தது இதுதான்.

சுகருக்கான மாத்திரைகள் சரி. ஆனால் ஹெச்பிஏ1சி, அதாவது மூன்று மாத சராசரி சுகர் அளவு, 9.4 இருக்கிறது. அடிக்கடி பாத்ரூம் போகிறார் என்று சோலிஃபெனாசின் கொடுத்திருக்கிறார்கள். கால் எரிச்சலுக்கு இரவில் அமிட்ரிப்டிலின். இந்த இரண்டு மாத்திரைகளுமே எச்சிலைக் குறைப்பவை. இப்போது வரிசையாகப் பாருங்கள். சுகர் கூடியிருந்தால் சிறுநீர் அடிக்கடி வரும். சிறுநீருக்கு மாத்திரை போட்டால் வாய் உலரும். வாய் உலர்ந்தால் பனங்கற்கண்டு. பனங்கற்கண்டால் சுகர் இன்னும் கூடும். பனையிலிருந்து வந்தது, ஒன்றும் செய்யாது என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை. பல்லில் இருக்கும் கிருமிக்குப் பனையும் தெரியாது, கரும்பும் தெரியாது. இனிப்பு கிடைத்தால் அமிலமாக மாற்றும், அவ்வளவுதான்.

எச்சில் என்பது வெறும் தண்ணீர் இல்லை. நாளொன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை சுரந்து, அமிலத்தைக் கழுவி, பல்லுக்குச் சுண்ணாம்புச் சத்தைத் திருப்பித் தந்துகொண்டே இருக்கிறது. தூக்கத்தில் நல்ல உடம்புக்காரர்களுக்கே எச்சில் ஏறக்குறைய நின்றுவிடும். அந்த நேரத்தில் உலர்ந்த வாயில், கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒரு கற்கண்டு கரைந்துகொண்டிருக்கிறது. எக்ஸ்ரேயில் கீழ்வரிசையின் இடப்பக்கம் ஈறு ஓரமாக மூன்று பற்களில் கறுப்புப் பள்ளம் தெரிகிறதே, கற்கண்டை ஒதுக்கும் பக்கம் அதுதானா என்று அம்மாவைக் கேட்டுப் பாருங்கள். அனேகமாக ஆமாம் என்பார்.

வயதானவர்களின் சொத்தை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வரும். ஈறு இறங்கியதும் பல்லின் வேர் வெளியே தெரிகிறது. வேருக்கு எனாமல் கவசம் கிடையாது. எனாமலை அரிக்க எவ்வளவு அமிலம் வேண்டுமோ, அதைவிடக் குறைந்த அமிலமே வேரை அரிக்கப் போதும். வலியும் இருக்காது. ஒருநாள் கழுத்தோடு ஒடிந்து கையில் வரும்போதுதான் தெரியும். நல்ல பல் திடீரென்று முறிந்துவிட்டது என்பார்கள்.

ஆகவே முதல் வேலை பல் டாக்டரிடம் இல்லை, சுகர் டாக்டரிடம். எல்லா மருந்துகளையும் காட்டி, வாய் உலர்கிறது என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். நோயாளிகள் இதை ஒரு தொந்தரவாகவே நினைத்துச் சொல்வதில்லை, டாக்டர்களும் கேட்பதில்லை. சுகர் இறங்கினால் சிறுநீர்த் தொல்லையே குறையலாம். அந்த மாத்திரை தேவைப்படாமலும் போகலாம். தேவை என்றால் வாயை அவ்வளவாக உலர்த்தாத வேறு மருந்துகள் உண்டு. நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். கற்கண்டை மட்டும் இன்றைக்கே நிறுத்துங்கள். தலைமாட்டில் ஒரு சொம்புத் தண்ணீர், அவ்வப்போது ஒரு வாய். பகலில் வேண்டுமானால் சர்க்கரையில்லாத மிட்டாய். இரவில் அதுவும் வேண்டாம், தூக்கத்தில் தொண்டையில் சிக்கும்.

சுகருக்கும் ஈறுக்கும் கொடுக்கல் வாங்கல் இருபக்கமும் உண்டு. சுகர் கட்டுக்குள் இல்லையென்றால் ஈறு சீக்கிரம் அழுகும். ஈறில் சீழ் இருந்தால் சுகரும் இறங்க மறுக்கும். ஈறு சிகிச்சை முடிந்து மூன்று நாலு மாதத்தில் ஹெச்பிஏ1சி சராசரியாக 0.4 அளவுக்குக் குறைகிறது என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் கிடைத்த கணக்கு. சின்ன எண்தான், ஆனால் ஒரு புது மாத்திரை சேர்க்காமல் கிடைக்கிற எண்.

பிபி மாத்திரையிலும் ஒரு சங்கதி. அம்லோடிபின் சிலருக்கு ஈறை வீங்க வைத்துப் பல்லை மூடும்படி வளரச் செய்யும். அம்மாவின் மேல் முன்பற்களுக்கு நடுவே ஈறு உருண்டையாக நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் பிபி டாக்டரிடம் அதையும் சொல்லலாம்.

அடுத்தது க்ளீனிங். 'க்ளீன் பண்ணினா பல்லு ஆடும்' என்று அம்மா சொல்வதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட மாட்டேன். கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார், காரணம்தான் வேறு. பல்லைச் சுற்றிப் பல வருடக் காரை கெட்டியாகப் படிந்து, பக்கத்துப் பல்லோடு சேர்த்துப் பூசிவைத்திருக்கும். அதற்கு அடியில் எலும்பு எப்போதோ போய்விட்டது. காரையை எடுத்ததும் உண்மையான ஆட்டம் வெளியே தெரிகிறது. வீங்கிய ஈறு சுருங்கியதும் பல் நடுவே சந்து தெரிகிறது. நாக்கு அங்கேயே போய்ப் போய்ப் பார்க்கும். சில நாள் குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசும். நோயாளி டாக்டரைத் திட்டுவார். காரையை அப்படியே விட்டிருந்தால் அதன் அடியில் கிருமி மிச்ச எலும்பையும் தின்றிருக்கும் என்பது அவருக்குத் தெரிய வழியில்லை, யாரும் முன்கூட்டிச் சொல்லவும் இல்லை. நாற்காலியில் உட்காரும் முன்பே இதை அம்மாவுக்கு ஒரு தடவை சொல்லச் சொல்லுங்கள். அரை மணி நேரத்தில் மேலோட்டமாகச் சுரண்டுவது இவருக்குப் போதாது. மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் வேரைச் சுத்தம் செய்யும் ஆழமான க்ளீனிங் தேவைப்படும். ஒரு நாளுக்கு ஒரு பக்கம் என்று பிரித்துச் செய்துகொள்ளலாம்.

அது முடிந்து இரண்டு மூன்று மாதம் பொறுத்திருந்து பார்க்க வேண்டும். பொறுக்காமல் எடுப்பதுதான் நம் ஊர் வழக்கம். ஈறு ஆறியதும் ஆட்டம் குறைகிற பற்கள் உண்டு. பக்கவாட்டில் லேசாக ஆடுகிற பல் இன்னும் பல வருடம் ஓடும். விரலால் அழுத்தினால் மேலும் கீழுமாக அமுங்குகிற பல்தான் போக வேண்டியது. எக்ஸ்ரேயைப் பார்த்தால் மேலே இரண்டும், கீழே நடுவில் இருக்கும் சின்ன முன்பற்களில் ஒன்றிரண்டும் அந்த ரகமாக இருக்கலாம் என்று படுகிறது. அவை போகட்டும். வேர் ஓரச் சொத்தைகளை அடைக்கலாம். அடைக்க முடியாத இடத்தில் சில்வர் டயமைன் ஃபுளோரைடு என்ற திரவத்தைத் தடவி சொத்தையை அங்கேயே நிறுத்தலாம். துளை போட வேண்டாம், ஊசி வேண்டாம். அந்த இடம் கன்னங்கரேலென்று ஆகிவிடும், அதுதான் குறை. 73 வயதில் கீழ்ப்பல்லின் ஓரத்தை யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள்?

மிஸ்ரியைப் பற்றி நீங்கள் ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அதுதான் பயம். மிஸ்ரி பல்பொடி இல்லை. புகையிலையைக் கருக வறுத்துப் பொடித்தது. இந்தியாவில் பற்பசையிலும் பல்பொடியிலும் புகையிலை சேர்க்கக்கூடாது என்று 1992லேயே தடை வந்துவிட்டது. ஆனால் வீட்டில் தோசைக்கல்லில் வறுப்பதை எந்தச் சட்டம் தடுக்கும்? காலையில் விரலால் தேய்த்து, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தால்தான் வயிறு சுத்தமாகும் என்பார்கள். அது நிக்கோட்டின் செய்யும் வேலை. இந்த வயதில் திட்டி நிறுத்த முடியாது, ஒளித்து வைத்துப் போடுவார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்பதை முதலில் குறையுங்கள், அப்புறம் நேரத்தைக் குறையுங்கள். புகையிலைப் பாக்கெட்டின் மேலேயே அச்சிட்டிருக்கும் 1800 11 2356 என்ற இலவச எண்ணில் ஆலோசனை கிடைக்கும்.

இன்றைக்கு ஒரு வேலை செய்யுங்கள். அம்மாவை ஜன்னல் ஓரம் உட்கார வைத்து, மொபைல் டார்ச்சோடு வாயைப் பாருங்கள். மிஸ்ரி வைக்கும் உதட்டின் உள்பக்கம், கற்கண்டு ஒதுக்கும் கன்னம், நாக்கின் இரு ஓரம், நாக்குக்கு அடி. துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, வெல்வெட்போல் சிவந்த திட்டு, இரண்டு வாரமாக ஆறாத புண், விரலுக்குக் கெட்டியாகப் படும் இடம், இவற்றில் எது இருந்தாலும் பல் விஷயத்தை அப்படியே நிறுத்திவிட்டு முதலில் அதைக் காட்டுங்கள். அம்மாவின் மூன்று விரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வாய்க்குள் நுழையவில்லை என்றாலும் அப்படித்தான், அதிலும் பாக்குப் பழக்கம் இருந்திருந்தால். புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004ல் வெளியிட்ட அறிக்கையில் சொல்லிவிட்டது. புகையிலைப் பழக்கம் உள்ளவருக்கு ஒரே ஒரு இடத்தில் மட்டும் பல் காரணமில்லாமல் ஆடினால், எடுக்கும் முன் அந்த ஈறை நன்றாகப் பார்க்க வேண்டும். எடுத்தபின் குழி ஆறவில்லை என்று வந்து, அது வேறு என்று தெரியும் நிலை யாருக்கும் வரக்கூடாது. சந்தேகம் என்றால் பரேல் டாடா மெமோரியலுக்கே போய்விடுங்கள்.

இப்போது பிரஷ். குமட்டுகிறது என்கிறார் அல்லவா? குமட்டல் வருவது பிரஷ் பின்பக்கம் போவதால். அம்மாவுக்குக் கடைவாய்ப்பற்களே இல்லை, பின்பக்கம் போக வேண்டிய அவசியமும் இல்லை. குழந்தைகளுக்கான சின்னத் தலை வைத்த, மிருதுவான பிரஷ் வாங்குங்கள். முதல் வாரம் பேஸ்டே வேண்டாம், வெறும் தண்ணீரில் நனைத்து. நுரைதான் பாதிக் குமட்டல். பாத்ரூமில் நின்றுகொண்டு தேய்க்கச் சொல்லாதீர்கள். டைனிங் டேபிளில், ஒரு கிண்ணம் முன்னால் வைத்து, உட்கார்ந்துகொண்டு, தலையைச் சற்றுக் குனிந்து. பிரஷை ஈறும் பல்லும் சேரும் கோட்டில் சாய்த்து வைத்து, அழுத்தாமல், ஒவ்வொரு பல்லாகச் சின்ன வட்டம். பன்னிரண்டே பல், இரண்டு நிமிடம் தாராளம்.

ரத்தம் வரும். முதல் பத்து நாள் கட்டாயம் வரும். ரத்தம் வருகிறது என்று அந்த இடத்தை விட்டுவிடுவதுதான் எல்லோரும் செய்வது. அழுக்கு அங்கேதான் இருக்கிறது, அங்கேதான் தேய்க்க வேண்டும். இரண்டு வாரத்தில் தானாகக் குறையும்.

பேஸ்ட் எது என்று கேட்பீர்கள். மூலிகை, கரி, உப்பு, கிராம்பு என்று அட்டையில் என்ன படம் இருந்தாலும் எனக்கு ஆட்சேபமில்லை, ஃபுளோரைடு 1000 பிபிஎம் அளவுக்கு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 'ஆலும் வேலும் பல்லுக்குறுதி' என்று அம்மா ஆரம்பிப்பார். வேலங்குச்சி செம்பூர் மார்க்கெட்டில் கிடைத்தாலும், இறங்கிய ஈறில் குச்சியைப் போட்டுத் தேய்த்தால் வேர்தான் தேயும். படுக்கும் முன் தேய்ப்பது காலையில் தேய்ப்பதைவிட முக்கியம். தேய்த்தபின் நுரையைத் துப்பினால் போதும், கொப்பளித்து ஃபுளோரைடைக் கழுவிவிடக் கூடாது.

பல்லிடுக்குக்குத் தாலிச்சரட்டில் தொங்கும் ஊக்கு வேண்டவே வேண்டாம். ஈறில் குத்தி, அந்த இடம் சீழ்பிடித்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மெடிக்கலில் பல்லிடுக்குக் குட்டி பிரஷ் கிடைக்கும், பாட்டில் கழுவும் பிரஷின் வடிவில் விரல்நுனி அளவுக்கு. சந்துக்கு ஏற்ற அளவைப் பல் டாக்டரிடமே கேட்டு வாங்குங்கள். அம்மாவின் விரல் மூட்டு மடங்கவில்லை என்றால் பிரஷ் கைப்பிடியில் துணியைத் தடிமனாகச் சுற்றிக் கட்டிக் கொடுங்கள். இரவில் ஒரு தடவை நீங்களே தேய்த்துவிடுவது இன்னும் நல்லது. எதிரே நிற்காமல், நாற்காலிக்குப் பின்னால் நின்று, அவர் தலையை உங்கள் மேல் சாய்த்து, இடதுகையால் மோவாயைத் தாங்கிக்கொண்டால் உள்ளே எல்லாம் தெரியும். நம் அம்மாக்கள் முதல் தடவை கூச்சப்படுவார்கள். சிறுவயதில் உங்களுக்குச் செய்ததை நினைவுபடுத்துங்கள்.

பல் எடுக்கும் கட்டம் வரும்போது சீட்டில் இருக்கும் எகோஸ்பிரினை (ஆஸ்பிரின்தான் அது) நிறுத்தச் சொல்லி யாராவது சொல்லக்கூடும். ஆஸ்பிரின் மட்டும் சாப்பிடுகிறவருக்கு இரண்டு மூன்று பல் எடுக்க அதை நிறுத்த வேண்டியதில்லை. தையல் போட்டு, பஞ்சைக் கடித்துக்கொண்டு முக்கால் மணி உட்கார்ந்தால் ரத்தம் நின்றுவிடும். நிறுத்தி, இதயத்துக்கோ மூளைக்கோ ஏதாவது ஆனால் அதைத் தையல் போட்டுச் சரிசெய்ய முடியாது. ஸ்டென்ட் வைத்திருந்தால் இதய டாக்டரைக் கேட்காமல் எதையும் தொடக்கூடாது. காலை நேர அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள். வழக்கமான சுகர் மாத்திரை, வழக்கமான டிஃபன் இரண்டையும் முடித்துக்கொண்டு போகட்டும். பயந்துகொண்டு பட்டினி கிடந்து வந்து, நாற்காலியில் சுகர் இறங்கி மயங்குகிறவர்கள்தான் அதிகம்.

தம்பியின் இம்ப்ளான்ட் யோசனையை நான் கேலி செய்யவில்லை. நல்ல சிகிச்சை அது. ஆனால் 9.4 சுகரும் தினமும் மிஸ்ரியும் உள்ள வாயில் இப்போது வைத்தால் பணம் போகும். இம்ப்ளான்டுக்குச் சொத்தை வராதே தவிர, அதைச் சுற்றிய ஈறும் எலும்பும் அழுகும், பல்லைச் சுற்றி அழுகுவதைவிட வேகமாக. 'மூன்றே நாளில் நிலையான பல்' என்ற விளம்பரத்தில், எண்பதாவது வயதில் அதன் அடியில் யார் பிரஷ் விடப்போகிறார்கள் என்ற கேள்வி இருக்காது. ஹெச்பிஏ1சி 8க்குக் கீழே வந்து, மிஸ்ரி நின்று, கோரைப்பல் திட்டமும் சரிப்படவில்லை என்றால் அப்போது கீழே இரண்டு இம்ப்ளான்ட் பற்றிப் பேசலாம். அந்தப் பணத்தைத் தம்பி அதுவரை பத்திரமாக வைத்திருக்கட்டும்.

பல்செட் வந்தபிறகு ஒன்றே ஒன்றைப் பிடிவாதமாகக் கடைப்பிடியுங்கள்: இரவில் கழற்ற வேண்டும். போட்டுக்கொண்டே தூங்கினால் அண்ணத்தில் பூஞ்சைப் படர்ந்து செக்கச்செவேலென்று ஆகும். ஜப்பானில் 85 வயதுக்கு மேற்பட்டவர்களைக் கவனித்த ஒரு ஆய்வில், செட்டோடு தூங்கியவர்களுக்கு நிமோனியா இரண்டு மடங்குக்கு மேல் வந்திருந்தது. கழற்றி, பாத்திர சோப்பும் தனி பிரஷும் கொண்டு கழுவி, சாதாரணத் தண்ணீரில் போட்டு வையுங்கள். பேஸ்ட் போட்டால் கீறல் விழும், வெந்நீரில் போட்டால் வளைந்துவிடும். கழுவும்போது வாஷ்பேசினில் தண்ணீர் நிரப்பி வைத்துக்கொண்டால் கை நழுவினாலும் உடையாது. செட் வைக்கும் கோரைப்பல் குமிழ்களுக்கும் தினமும் ஃபுளோரைடு பேஸ்ட் உண்டு. பல்லே இல்லை என்று விட்டுவிட்டால் ஒரு வருடத்தில் அவையும் சொத்தையாகும்.

கிளினிக் செலவு கட்டுப்படியாகவில்லை என்றால் மும்பையில் வழி இருக்கிறது. சிஎஸ்எம்டி ஸ்டேஷனை ஒட்டி, செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனை வளாகத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. செம்பூரிலிருந்து ஹார்பர் லைனில் ஒரே வண்டி, தாதர் படியேறி இறங்கும் பாடு இல்லை. மும்பை சென்ட்ரலில் மாநகராட்சியின் நாயர் பல் மருத்துவக் கல்லூரியும் உண்டு. இரண்டிலும் ஈறுக்குத் தனித் துறை, பல்செட்டுக்குத் தனித் துறை. மாணவர்கள்தான் செய்வார்கள், பேராசிரியர் மேற்பார்வை பார்ப்பார். நேரம் பிடிக்கும், பல தடவை போக வேண்டிவரும். அவசரமில்லாமல் பார்ப்பதே உங்கள் அம்மாவுக்கு நல்லது என்பதால் நான் அதையே சிபாரிசு செய்வேன். காலையில் சீக்கிரம் போய்விடுங்கள், அம்மாவுக்குத் தயிர்சாதம் கையோடு இருக்கட்டும்.

போகும்போது மருந்துச் சீட்டை மட்டும் கொண்டுபோகாதீர்கள். வீட்டில் இருக்கிற மாத்திரைப் பட்டைகள் அத்தனையும், பக்கத்து மெடிக்கலில் தாமாக வாங்கிப் போடும் வலி மாத்திரை உட்பட, ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். சீட்டில் இல்லாத ஒன்றையும் அம்மாவிடம் கேட்டு வையுங்கள். எலும்புத் தேய்மானத்துக்கு என்று வாரம் ஒரு மாத்திரையோ, ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒரு ஊசியோ எப்போதாவது போட்டிருக்கிறாரா? அலெண்ட்ரோனேட், சோலெட்ரோனிக் ஆசிட், டெனோசுமாப் போன்ற பெயர்கள் பழைய ஃபைலில் எங்காவது இருக்கிறதா பாருங்கள். அவற்றைப் போட்டவர்களில் சிலருக்குப் பல் எடுத்த குழி மூடாமல் தாடை எலும்பே செத்துப்போவதுண்டு. ஒரு பல்லை எடுப்பதாக இருந்தாலும் டாக்டருக்கு இது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.